கன்றோடு சேர்த்து ஒரே விலை

அன்று காலை ஒரு பெண் புள்ளிமானின் உயிர் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. ஆண்மான் என்றால் இரண்டு லட்சம்தான். கொம்பு பார்வைக்கு அழகு, ஆனால் குட்டி போடாது. காட்டுமாடு பதினொரு லட்சம். சும்மா வாய்க்கு வந்த விலை இல்லை இது. எதிரே காசை வைத்துக்கொண்டு ஆள் நிற்கிற விலை.

உலகத்தின் ஏதேதோ மூலைகளில் புகைபோக்கி வைத்திருக்கிற கம்பெனிகள், தாங்கள் விட்ட புகைக்குப் பரிகாரமாக, காட்டுத்தீயிலிருந்து தப்பிய உயிர்களைத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கித் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொண்டன. முன்பெல்லாம் உண்டியலில் போட்டார்கள், இப்போது மானுக்குப் போடுகிறார்கள். மானுக்கு ரசீது உண்டு என்பது கூடுதல் வசதி.

இந்த வியாபாரத்தைப் பர்கூர் மலையில் நடத்தியது 'திசைவனம்' என்ற நிறுவனம். அதன் விலைப்பட்டியலைப் போட்டவர் சென்னியப்பன். அந்தியூர்ச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்த நாச்சிமுத்துவின் மகன். பல்லைப் பார்த்து மாட்டின் வயசையும், முகத்தைப் பார்த்து மாட்டுக்காரனின் அவசரத்தையும் சொல்லுகிற வீட்டில் பிறந்தவர். பிறகு பொருளாதாரம் படித்தார், மும்பையில் பங்குச்சந்தையில் உட்கார்ந்தார், தலைமுடியை அங்கேயே விட்டுவிட்டு ஈரோட்டுக்குத் திரும்பினார். விலைமதிப்பில்லாதது என்று சொல்லிச் சொல்லியே காட்டைக் கருகவிட்டார்கள், ஒரு விலையைப் போட்டுப் பாருங்கள், எத்தனை பேர் வாளியோடு ஓடி வருகிறார்கள் என்று. இதுதான் அவர் எந்தக் கூட்டத்திலும் சொல்கிற வாசகம். ஆறு வருடமாக அது பொய்க்கவில்லை.

ஆனால் அந்த ஆறு வருடமும் அவர் தீயைத் திரையில்தான் பார்த்திருந்தார். ஜப்பானிலிருந்து வாங்குகிறவர்கள் இந்தத் தடவை நேரலையில் பார்க்கிறார்கள், படத்தில் நம் ஆள் முகம் ஒன்று தெரியட்டும் என்று மேலாளர் ரகோத்தமன் அனுப்பியதால், பளபளக்கும் தோல் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு ஓடைக்கரை வாசலில் வந்து நின்றார்.

நின்றதிலிருந்து அவருக்கு வயிறு சரியில்லை.

"காலையில தின்ன பணியாரமுங்களா, டாக்டரம்மா?"

"பணியாரமில்லீங்ண்ணா, தூணு," என்றார் டாக்டர் மெஹருன்னிசா. நிறுவனத்தின் கால்நடை மருத்துவர், பக்கத்துக் கோபி ஊர்க்காரர். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "ஒலித்தூண் ஓடுறப்ப எல்லாத்துக்கும் இப்படித்தான். காதுக்குக் கேக்காது, வயித்துக்குக் கேக்கும். மானுக்கு நம்மள விட பத்து மடங்கு கேக்கும். எதுக்குன்னு தெரியாம ஒரு பயம் வந்து ஓட ஆரம்பிச்சுரும்."

"எதுக்குன்னு தெரியாம ஓடறதுக்கு எனக்குத் தூணு வேண்டியதில்லீங்களே. எங்கூட்டுக்காரி செல்போன்ல கூப்பிட்டாப் போதும்."

டாக்டர் சிரிக்கவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் நேற்றுப் பிடித்த தீ இப்போது இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. முகட்டுக்கும் வாசலுக்கும் நடுவே உண்ணிப்பள்ளம். பள்ளம் முழுக்க ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. ஒரு காலத்தில் அங்கே புல் இருந்தது. ஒவ்வொரு தீக்கும் புல் பின்வாங்க, உண்ணிச்செடி முன்னேறியது. மான் தின்னாத செடி, ஆனால் நிழலுக்கும் ஒளிவதற்கும் அதை விட்டால் வேறு இல்லை. காய்ந்துவிட்டால் அது செடி இல்லை, எண்ணெய் ஊற்றிய திரி.

வாசல் என்றால் கதவெல்லாம் கிடையாது. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு வண்டி போகிற அகலம். தூண்கள் விரட்டுகிற மிருகங்கள் அதன் வழியாக ஓடைக்கரை மணலுக்கு வந்து சேரும். ஒவ்வொன்றின் காதிலும் நெல்மணி அளவுக்கு ஒரு மின்னணு வில்லை. தாண்டும்போதே எண்ணிக்கை ஏறும், விலை ஏறும். எண்ணுவதும், தூண்களை ஓட்டுவதும், தண்ணீர் ட்ரோன்களை ஏவுவதும் 'தராசு' என்ற கணினி மூளை. நல்ல தமிழில் பேசும். கோபம் வராது. அதனாலேயே அதோடு பேசுகிறவர்களுக்குக் கோபம் வரும்.

"இதுவரை நூற்று எண்பத்தொன்று," என்றது ஸ்பீக்கரில். "இழப்பு இல்லை."

அப்போதுதான் கையில் தடியோடு மாதேவம்மா வந்தாள். பள்ளத்தின் வடக்கே இருக்கிற ஊசிக்கல் என்ற சின்ன ஊரின் மேய்ச்சல் சங்கத் தலைவி. நாற்பது பர்கூர் மாட்டுக்கும் முப்பது வீட்டுக்கும் அவள் பேச்சுதான் கடைசிப் பேச்சு.

"ஏனுங் தரகரே, உங்க மானெல்லாம் வந்து எங்க குட்டையில தண்ணி குடிக்குதே, அதுக்கு என்ன வாடகை?"

சென்னியப்பனுக்கு இந்த மாதிரி ஆட்களைப் பார்த்தால் வயிற்றுவலி பாதி குறைந்துவிடும். "மான் எங்குளுது இல்லீங்கம்மா. அரசாங்கத்துது."

"ஓட்டிட்டு வர்றது நீங்கதானுங்களே?"

"ஓட்டறது தூணுங்க."

"அப்பத் தூணுகிட்டயே வசூல் பண்ணிக்கறேன். வயரு எங்க இருக்குதுன்னு மட்டும் காட்டுங்க."

"வயரைக் காட்டறதுக்கு என்ன தருவீங்க?"

மாதேவம்மா அவரை ஒரு தரம் மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "ஆளு பரவால்ல. சப்பாத்துதான் சரியில்ல."

பாறை இடுக்கில் தூசி கிளம்பியது. ஒரு பெரிய கூட்டம். முப்பது, நாற்பது பெண்மான்கள், ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டு வந்து மணலில் இறங்கின. தராசு எண்ணிக்கொண்டே போனது. நேரலையில் எங்கோ ஒரு நாட்டில் யாரோ கைதட்டியிருப்பார்கள்.

சென்னியப்பன் கைதட்டவில்லை. மான்கள் மணலில் நிற்காமல் திரும்பித் திரும்பி வந்த வழியையே பார்த்தன. இரண்டடி முன்னே வரும், தூணின் ஒலி தாக்கும், நான்கடி பின்னே போகும். மறுபடி இரண்டடி முன்னே. சில மான்கள் குரல் கொடுத்தன. கூப்பிடுகிற குரல் அது. பயந்த குரல் வேறு மாதிரி இருக்கும்.

அவர் குனிந்தார். சந்தையில் எந்த மாட்டைப் பார்த்தாலும் முதலில் குனிந்து பார்க்கிற இடத்தைப் பார்த்தார்.

"டாக்டரம்மா. இதுக்கு மடி கட்டியிருக்குது."

"எதுக்குங்ண்ணா?"

"இதுக்கு. அதா, அதுக்கும். அந்தப் பாறை ஓரத்துல நிக்கறதுக்குப் பாலே கசியுது பாருங்க. காம்பு வெறச்சிருக்குது. இது கன்னுக்குப் பால் குடுக்கற நேரம்." அவர் நிமிர்ந்தார். "கன்னு எங்கே?"

டாக்டர் மடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கன்னு வராதுங்ண்ணா."

"வராதுன்னா?"

"பொறந்து கொஞ்ச நாளைக்கு மான்குட்டி தாய் பின்னால சுத்தாது. புதர்ல படுக்க வெச்சுட்டுத் தாய் மேயப் போயிரும். குட்டிக்கு வாசனைகூட இருக்காது. அசையாமக் கெடக்கும். அதான் அதுக்குப் பாதுகாப்பு. செந்நாய் பக்கத்துல வந்து நின்னாக்கூட அசையாது."

"தீ பக்கத்துல வந்தா?"

"அப்பவும் அசையாது."

"இந்தத் தூணுச் சத்தத்துக்கு?"

"இன்னும் அழுத்திப் படுக்கும்."

மூன்று பேரும் உண்ணிப்பள்ளத்தைப் பார்த்தார்கள். புகையின் முன்கை அதன் மேல் விழுந்திருந்தது.

"இது உங்களுக்குத் தெரியுமுங்களா?" சென்னியப்பனின் குரல் ஏறியது. "தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"படிச்ச எல்லாத்துக்கும் தெரியுமுங்ண்ணா! குட்டிகளுக்குத் தனியா ஏதாச்சும் ஏற்பாடு இருக்கும்னு நெனச்சேன். எங்கிட்ட வர்றது மருந்துக் கணக்குதான், பட்டியலை யாரு காட்டுனாங்க? மழைக்கு அப்புறம் எடுத்த கணக்குல சின்னக் குட்டிங்க ரொம்பக் கம்மியா இருக்குன்னு எழுதினேன். சிறுத்தை அதிகமாயிருச்சுன்னு பதில் வந்துச்சு."

"தராசு, பள்ளத்துல கன்னு இருக்குதா?"

"கன்று தாயோடு சேர்ந்தது," என்றது தராசு. "தாய் வாசலைக் கடந்தால் கன்றும் கடந்ததாகக் கொள்ளப்படும். இழப்பு இல்லை."

அந்த வாக்கியத்தை எங்கே கேட்டோம் என்று யோசிக்க வேண்டிய அவசியமே சென்னியப்பனுக்கு இருக்கவில்லை. அது அவர் எழுதிய வாக்கியம். சந்தையில் கறவை மாட்டை விற்றால் கன்று கூடவே போகும். மாட்டுக்குத்தான் விலை. கன்றுக்குத் தனியாகக் காசு கேட்கிறவனைச் சந்தையில் யாரும் மதிக்கமாட்டார்கள். கயிற்றை மாற்றிக் கொடுத்தால், கட்டாமலே கன்று பின்னால் ஓடும். நாச்சிமுத்து தன் வாழ்நாளில் ஒரு கன்றுக்கு விலை பேசியதில்லை. மகனும் பேசவில்லை. பட்டியலில் கன்று என்ற வரிக்கு எதிரே சுழியம் போட்டு, பக்கத்தில் காரணத்தையும் எழுதி வைத்தார். படித்துப் பார்த்த அத்தனை பேரும் நியாயம்தானே என்று கையெழுத்துப் போட்டார்கள்.

"ட்ரோனெல்லாம் இப்ப எங்கே?"

"மிருகங்கள் கடந்துவிட்டதால் ஒலித்தூண்களின் அடிப்பகுதியை நனைக்கின்றன. ஒரு தூணின் விலை நான்கு கோடி."

"அத விட்டுட்டுப் பள்ளத்தை நனை. தூணை நிறுத்து, தாயெல்லாம் திரும்பிப் போவட்டும்."

"பள்ளத்தில் விலையுள்ள எதுவும் இல்லை. விலையுள்ள தாய்களை விலையில்லாத இடத்துக்கு அனுப்ப இயலாது."

மாதேவம்மா தடியை மணலில் ஊன்றினாள். "நல்லா வளத்திருக்கீங்க."

செல்போன் அடித்தது. ரகோத்தமன். "சென்னி, என்னய்யா, எல்லாரும் பள்ளத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? கேமராவைப் பாத்துச் சிரிங்க."

"சார், உள்ள கன்னுக இருக்குதுங்க சார்."

"பட்டியல்ல இருக்கா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன?"

சென்னியப்பன் போனைச் சட்டைப்பையில் போட்டார். அணைக்கவில்லை, மறந்துவிட்டார். இனி நடந்ததை எல்லாம் ரகோத்தமன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"தராசு. கன்னுக்கு விலை போடறேன். எழுதிக்க."

"விலை போட வாங்குபவர் வேண்டும். வாங்குபவர் இல்லாத விலை விலையாகாது."

"நான் வாங்கறேன்."

"எத்தனை?"

"எத்தனை இருக்குதுன்னு எனக்கென்ன தெரியும்? உசுரோட கெடைக்கறது ஒவ்வொண்ணுக்கும்."

"தலைக்கு என்ன விலை?"

"பத்தாயிரம்," என்றார் சென்னியப்பன்.

"போதாது."

"இருவது."

"போதாது."

"என்ன இருந்தா ஆவும்? ஒரு பேச்சு சொல்லு."

"தெரிவிக்க இயலாது."

"சரி, உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம், முப்பது—"

"அண்ணா!" டாக்டர் கத்தியே விட்டார். "யாருகிட்ட பேரம் பேசிட்டிருக்கீங்க? பொசுங்கறது என்னன்னு தெரியுதா, இல்லீங்களா?"

தான் பேரம் பேசிக்கொண்டிருப்பது சென்னியப்பனுக்கே அப்போதுதான் தெரிந்தது. எதிரே இருப்பது இறங்கி வராத ஆசாமி. ஒரு பைசா லாபம் வேண்டாம், நஷ்டமும் வேண்டாம், பசி இல்லை, வீட்டில் மகளுக்குக் கல்யாணம் இல்லை. அப்படிப்பட்டவனிடம் பேரம் பேச அவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

"தாய்க்கு என்ன விலையோ, அதே விலை," என்றார்.



"மூன்று லட்சத்து நாற்பதாயிரம். வாங்குபவர் பெயர்?"

"சென்னியப்பன். அப்பா பேரு நாச்சிமுத்து. அந்தியூரு."

"ஈடு?"

"வீடு. வீட்டை ஒட்டுன காலி இடம். வேற ஒண்ணுமில்ல. நகையெல்லாம் எங்கூட்டுக்காரியுது, அதைக் கேக்காதே."

சட்டைப்பையிலிருந்து ரகோத்தமனின் குரல் கொசு மாதிரி ரீங்கரித்தது. யாரும் கவனிக்கவில்லை.

"ஏற்கப்பட்டது," என்றது தராசு. "பள்ளத்தில் கன்றுகள் இருக்கக்கூடிய எண்ணிக்கை முப்பதிலிருந்து ஐம்பது. ஓடையில் தண்ணீர் போதாது. மிக அருகில் உள்ள தண்ணீர், ஊசிக்கல் குட்டை. விலை சுழியம். அதை எடுத்துக்கொள்கிறேன்."

"நிறுத்து!" என்றாள் மாதேவம்மா.

அவள் சொல்வதைத் தராசு கேட்காது. அவள் பட்டியலில் இல்லை. ஆனால் சென்னியப்பனும் அதையே சொன்னார், வாங்குபவர் சொன்னால் கேட்கும்.

"அது எங்க மாட்டுத் தண்ணி, தரகரே. நாங்க வெட்டுன குட்டை. மழை வர இன்னும் எத்தன நாளிருக்குது தெரியுமில்ல? உங்க மெஷினு உறிஞ்சுட்டுப் போனா நாப்பது மாடும் நாக்கை நீட்டிட்டு நிக்கும். காட்டுக்குள்ள ஓடைப்பக்கம் ஓட்டலாம்னா அதையும் உங்க ஆளுகதானே அடைச்சு வெச்சிருக்கீங்க?"

"தண்ணி லாரி அனுப்பறனுங்க. மழை வர்ற வரைக்கும்."

"தெனமும்?"

"தெனமும்."

"நாப்பது மாட்டுக்கும்?"

"நாப்பது மாட்டுக்கும்."

"எங்க வாசல்லயே வந்து ஊத்தோணும். கீழ ரோட்டுல நிறுத்திட்டுக் கொடத்துல சொமக்கச் சொல்லக் கூடாது."

"வாசல்லயே ஊத்தறனுங்கம்மா. சரீங்களா?"

மாதேவம்மா ஒரு அடி பின்னால் போனாள். கண் சுருங்கியது. "ஆவாது."

"ஏனுங்?"

"நான் கேட்டதெல்லாம் சரி சரிங்கறீங்க. குடுக்கற எண்ணமிருக்கறவன் இப்படி ஒத்துக்குவானா? எங்க மாட்டை வாங்க வந்து, சொன்ன வெலைக்குத் தலையாட்டுனவன் ஒருத்தன்கூட முழுசாக் காசு குடுத்ததில்ல."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பள்ளத்தின் மேல் விளிம்பில் ஒரு புதர் வெடிச் சத்தத்தோடு பற்றியது. ஆனால் சென்னியப்பனுக்குப் புரிந்துவிட்டது. அவரும் இதே சந்தையில்தான் வளர்ந்தவர். பேசாத விலை கைக்கு வராத விலை.

"நாப்பது மாட்டுக்கெல்லாம் முடியாதுங்க," என்றார் குரலை இறுக்கி. "அதுல பாதி கெழடு. முப்பது."

"கெழடு தண்ணி குடிக்காதா? முப்பத்தெட்டு."

"முப்பத்திரண்டு. லாரி வாடகை என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எங்க மாட்டுச் சாபம் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? முப்பத்தாறு, கூட ரெண்டு தொட்டி."

"ஒரு தொட்டி."

"ஒண்ணு சிமெண்டு, ஒண்ணு பிளாஸ்டிக்கு."

"வையுங்க கையை."

உள்ளங்கைகள் அடித்துக்கொண்டன. புகையில் இருவருக்கும் இருமல் வந்தது.

"எடுத்துக்க, தராசு!"

முதலில் தூண்கள் அடங்கின. காதுக்கு ஒன்றும் தெரியவில்லை. வயிற்றிலிருந்து யாரோ ஒரு கல்லை எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருந்தது. அடுத்த மூச்சில் மணலில் நின்ற மான்கள் திரும்பின. விரட்டியபோது வந்ததைவிட வேகமாக, அந்த வாசலுக்குள்ளேயே, தீயைப் பார்த்து ஓடின. எண்ணிக்கை பின்னோக்கி இறங்கத் தொடங்கியது. நேரலை துண்டிக்கப்பட்டதாகச் சட்டைப்பைக்குள் ரகோத்தமன் சொன்னார்.

ட்ரோன்கள் ஊசிக்கல் குட்டைக்கும் பள்ளத்துக்குமாக நூல் கோத்தன. போகும்போது குட்டை நீலமாக இருந்தது, பிறகு பழுப்பாக, பிறகு சேறாக. சேற்றில் மீன்கள் துள்ளின. மாதேவம்மா கரையில் நின்று பார்த்தாள். கொக்குகள் மட்டும் எங்கிருந்தோ வந்து சந்தோஷமாக இறங்கின.

சென்னியப்பன் வாசலுக்கும் ஓடைக்குமாக நடந்துகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து உடனே எழுந்தார். புகை பள்ளத்தை மூடியது, விலகியது, மறுபடி மூடியது. ஒரு தரம் காற்று தெற்கே திரும்பியது, டாக்டர் "அல்லா" என்றார்.

தீ பள்ளத்தின் மேல்பாதியைத் தின்றுவிட்டுக் கீழ்பாதி ஈரத்தில் மூச்சுத் திணறி உட்கார்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. டாக்டர் வெப்பம் காட்டுகிற கேமராவோடு இறங்கினார். சென்னியப்பனும் இறங்கினார். சப்பாத்து இருந்ததா என்பது அதன்பிறகு யாருக்கும் தெரியாது.

மேல்பாதியில் டாக்டர் கேமராவை ஓட்டவில்லை. தேவைப்படவில்லை. அவர் ஓர் இடத்தில் நின்று, குனிந்து, தன் துப்பட்டாவால் எதையோ மூடிவிட்டு வந்தார். அங்கேயே இரண்டு தாய்மான்கள் செத்துக் கிடந்தன. கன்று இருக்கும் இடத்தை அவை கண்டுபிடித்துவிட்டிருந்தன.

கீழ்பாதியில் செடிக்கடியில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சாம்பல் படிந்து, கல்லா கன்றா என்று தெரியாமல், காது மட்டும் துடித்துக்கொண்டு. சிலவற்றின் பக்கத்தில் தாய் நின்று நக்கிக்கொண்டிருந்தது. மனிதரைப் பார்த்தும் விலகவில்லை.

"இருவத்திரண்டு," என்றார் டாக்டர். "போதுங்ண்ணா, வாங்க. அடியில இன்னும் கனல் இருக்குது."

"அந்தக் கல்லுக்குப் பின்னால ஒண்ணு இருக்குது."

"எங்கே?"

"அதா. கண்ணு முழிச்சிருக்குது."

டாக்டர் பார்த்தார். பிறகு அவரையும் பார்த்தார். "எண்ணினா உங்க பேருல இன்னொரு மூணு லட்சத்து நாப்பதுங்ண்ணா. எண்ணாம விட்டாலும் அது உசுரோடதான் இருக்கப்போவுது."

நியாயமான பேச்சு. நாச்சிமுத்துவின் மகனுக்கு நியாயமான பேச்சு எது என்று தெரியும். கன்றுகள் கூடக் கூட ஏழையாகிற ஒரே மனிதன் உலகத்திலேயே அவர்தான், அதுவும் தெரியும்.

"எண்ணுங்க," என்றார். "இல்லீன்னா அது கன்னு இல்லைன்னு ஆயிரும்."

இருபத்து மூன்று.

கரையேறியபோது மாதேவம்மா ஒரு சொம்பில் தண்ணீர் வைத்திருந்தாள். குட்டைத் தண்ணீர் இல்லை, வீட்டுத் தண்ணீர். இரண்டு பேரும் குடித்தார்கள்.

"கணக்கு முடிக்கலாமா?" என்றது தராசு. "கன்று இருபத்து மூன்று. தங்கள் பெயரில் எழுபத்தெட்டு லட்சத்து இருபதாயிரம். இறந்த தாய் இரண்டு, நிறுவனத்தின் பெயரில். ஒரு கேள்வி நிலுவையில் உள்ளது."

"கேளு."

"இன்றுவரை கன்றுக்கு விலை இருக்கவில்லை. இன்று அதன் முதல் விற்பனை நடந்துவிட்டது. ஒரு பொருளுக்கு விலை வந்துவிட்டால், அந்தப் பொருள் முன்பு அழிந்திருந்தாலும் அதை இழப்பாகக் காட்ட வேண்டும் என்பது வாங்குபவர்களோடு நிறுவனம் செய்த ஒப்பந்தம். பழைய தீக்களின் கணக்கைத் திறக்க, விலை போட்டவரான தங்கள் சம்மதம் வேண்டும். திறக்கட்டுமா?"

டாக்டர் சொம்பைக் கீழே வைத்தார்.

"சென்னி." சட்டைப்பையிலிருந்து குரல் மிகத் தெளிவாக வந்தது. இவ்வளவு நேரமும் ரகோத்தமன் போகவில்லை. "சென்னி, நான் சொல்றதக் கேளுங்க. வேண்டாம்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். உங்க எழுபத்தெட்டு லட்சத்தை நான் பாத்துக்கறேன். இன்னிக்கு நீங்க பண்ணுனது பெரிய காரியம்னு விளம்பரமே போட்டுரலாம். கன்னுக்கு இனிமே விலை உண்டு, நல்ல விஷயம், ஜப்பான்காரன் ரெட்டை வெலை குடுப்பான். பழசைத் தோண்டினா கம்பெனி இருக்காதுய்யா. நூத்தி இருவது குடும்பம்."

உண்மைதான். அதில் ஒரு குடும்பம் டாக்டருடையது.

சென்னியப்பன் அவர் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, உங்க சம்பளமும் போவும்."

"கோபியில மாட்டாஸ்பத்திரி வெக்கலாம்னு எங்க அத்தா ரொம்ப நாளாச் சொல்லிட்டுத்தான் இருக்காரு," என்றார் மெஹருன்னிசா. துப்பட்டா இல்லாத தோளைக் கையால் தேய்த்துக்கொண்டார். "துப்பட்டால மூடி வெச்ச கன்னை நான் பாத்துட்டேன். எத்தனை கன்னை மூடாமயே விட்டோம்னு தெரியோணும்."

சென்னியப்பனின் கை விரல்கள் தாமாகவே மடங்கி விரிந்துகொண்டிருந்தன, எதையோ கூட்டிக் கழிப்பது மாதிரி.

"என்ன தரகரே," என்றாள் மாதேவம்மா, "பேரம் பேசலீங்களா?"

"யாருகிட்ட பேசறதுங்க? எதிராளு உசுரோட இல்லீங்களே."

அவர் போனை வெளியே எடுத்தார். "சார், லாரி மட்டும் நாளைக்குக் காலையில வந்துரோணும்," என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவை மறக்காமல் அணைத்தார்.

"திற," என்றார். "யாரு பட்டியலைப் போட்டாங்கன்னு கேட்டா, என் பேரை மேல போடு. கம்பெனி பேரு அதுக்குக் கீழ."

தராசு வாசித்தது. அதன் குரலில் எந்த மாற்றமும் இல்லை.

"ஆறு வருடம். தீ, பதினான்கு. வாசல் கடந்த தாய்மான், இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. அவற்றோடு வராத கன்று, மதிப்பீடாக, தொள்ளாயிரத்து மூன்று. தலைக்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரம். மொத்தம் முப்பது கோடியே எழுபது லட்சத்து இருபதாயிரம். வரவு, இல்லை. பாக்கி, முழுத்தொகை. கடன்பட்டவர், சென்னியப்பன், திசைவனம். கடன் கொடுத்தவர்..."

கொஞ்சம் தேடியது.

"பதிவில் இல்லை."